கணக்கா, சிக்கலா? உயர்நிலை அறிவியல் வகுப்பில் சிக்கல்வழிக் கற்றல்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவக் கல்வியில் தோன்றிய சிக்கல்வழிக் கற்றல் முறை இன்று பள்ளி அறிவியல் பாடத்திற்கும் உகந்ததெனப் பரிந்துரைக்கப்படுகிறது. கல்வியியல் ஆய்வேடுகளிலும் அது விரும்பி எடுக்கப்படும் தலைப்பாக உள்ளது. ஆனால் எது சிக்கல், எவ்வளவு வழிகாட்டல் தேவை, கற்றதை எவ்வாறு அளப்பது என்னும் மூன்று வினாக்களும் தெளிவு பெறாமலே இம்முறையின் ‘விளைதிறன்’ பேசப்படுகிறது. ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியலை மையமாகக் கொண்டு இம்மூன்று வினாக்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சிக்கலை முன்வைப்பது மட்டும் இம்முறை ஆகாது. சிக்கலைத் தொடர்ந்து வரும் முறையான விளக்கமும், அதற்கேற்ற தேர்வும் சேர்ந்தாலன்றி இதன் பயன் மாணவரைச் சென்றடையாது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: சிக்கல்வழிக் கற்றல், அறிவியல் கல்வி, வழிகாட்டல், அறிதல் சுமை, மதிப்பீடு, ஃபுளூரைடு.

முன்னுரை

ஆசிரியர் பாடத்தை விளக்குவார், மாணவர் குறிப்பெடுப்பர், பாடத்தின் இறுதியில் உள்ள வினாக்களுக்கு விடை எழுதுவர். பள்ளி அறிவியல் வகுப்பின் வழக்கமான வரிசை இது. சிக்கல்வழிக் கற்றல் இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. முதலில் ஒரு சிக்கல் வைக்கப்படுகிறது. அதை அவிழ்க்கத் தமக்கு என்ன தெரியும், என்ன தெரியவில்லை என்று மாணவர் சிறு குழுக்களாகக் கூடி ஆய்கின்றனர். தெரியாததைத் தேடிக் கற்றபின் மீண்டும் சிக்கலுக்குத் திரும்புகின்றனர். பாடப்பொருள் இங்குச் சிக்கலின் தேவையாக வந்து சேர்கிறது.

தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு (2005) மனப்பாடத்திலிருந்து கற்றலை விடுவிக்க வேண்டுமென வலியுறுத்தியது. தேசியக் கல்விக் கொள்கை (2020) கண்டறிதல், விவாதம், பகுப்பாய்வு ஆகியவற்றின் வழியான கற்றலைப் பரிந்துரைத்தது. இச்சூழலில் சிக்கல்வழிக் கற்றலின் மீது ஆர்வம் பெருகியது இயல்பே. ஆயினும் ஒரு முறையின் மீதான ஆர்வமும் அம்முறை பற்றிய தெளிவும் வெவ்வேறானவை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அளப்பதே இத்திறனாய்வின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

முதற் குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. ‘பிராப்ளம்’ என்னும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வகுப்பறையில் மூன்று பொருள்கள் உண்டு. இயற்பியல் ஆசிரியர் ‘பிராப்ளம் போடுங்கள்’ என்றால் அது கணக்கு. பாடநூலின் பயிற்சிப் பகுதியில் வருவது வினா. வாழ்வில் எதிர்ப்பட்டு, வழி புலப்படாமல் நிற்கச் செய்வது சிக்கல். இம்மூன்றுக்கும் உரிய வினைச்சொற்களே வேற்றுமையைக் காட்டிவிடும். கணக்கைப் போடுகிறோம், வினாவுக்கு விடையளிக்கிறோம், சிக்கலை அவிழ்க்கிறோம். கணக்கில் வேண்டிய தரவு அனைத்தும் தரப்பட்டிருக்கும். எந்தச் சூத்திரம் என்பதும் பாடத் தலைப்பிலிருந்தே தெரிந்துவிடும். சிக்கலிலோ, எந்தத் தரவு வேண்டும் என்பதைக் கண்டறிவதே பாதி வேலை.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ‘கணக்கீடுகள்’ என்ற பகுதியும், ‘உயர் சிந்தனைக்கான வினாக்கள்’ என்ற பகுதியும் உள்ளன. இவை பயனுள்ளவை. ஆனால் இரண்டும் பாடம் முடிந்தபின் வருபவை. கற்பித்ததைப் பயன்படுத்தச் செய்வது அவற்றின் பணி; கற்க வேண்டியது எது என்பதை மாணவரே கண்டறியச் செய்வது அவற்றின் பணியன்று. ஆகவே பாட இறுதிப் பயிற்சிகளைக் குழுவாகச் செய்யவைத்து அதற்குச் சிக்கல்வழிக் கற்றல் எனப் பெயரிடுவது பொருந்தாது. அது குழுப்பயிற்சி. அதற்குரிய நன்மை அதற்குண்டு. ஆனால் அந்நன்மையை வேறொரு முறையின் கணக்கில் வரவு வைப்பது ஆய்வுநெறி ஆகாது.

தோற்றக் களமும் அதன் முற்கோள்களும்

கனடாவின் ஹாமில்டன் நகரிலுள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1969ஆம் ஆண்டு இம்முறை முழுமையான கலைத்திட்டமாக நடைமுறைக்கு வந்தது. இதன் வளர்ச்சியில் பெரும்பங்காற்றிய ஹோவர்ட் பேரோஸ் ஒரு நரம்பியல் மருத்துவர். தொடக்க ஆண்டுகளில் படித்த அடிப்படை அறிவியலை மாணவர் நோயாளியின் முன் நிற்கும்போது பயன்படுத்த இயலாமல் தடுமாறுவதை அவர் கண்டார். அறிவு இருந்தது, அது வேண்டிய இடத்தில் நினைவுக்கு வரவில்லை. நோயாளியின் குறைபாட்டையே தொடக்கப் புள்ளியாக்கினால், அறிவு பயன்படும் சூழலோடு பிணைந்தே கற்கப்படும் என்பது இம்முறையின் அடிப்படை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் இதனை ஏழு படிநிலைகளாக வகுத்தது. சொற்களைத் தெளிவாக்குதல், சிக்கலை வரையறுத்தல், கருத்துகளைத் திரட்டுதல், அவற்றை ஒழுங்குபடுத்துதல், கற்றல் நோக்கங்களை வகுத்தல், தனியே கற்றல், மீண்டும் கூடிப் பகிர்தல் என்பன அவை.

இத்தோற்றக் களத்தில் மூன்று முற்கோள்கள் மறைந்துள்ளன. முதலாவது, மாணவர் வயதுவந்தோர். பல்கலைக்கழகக் கல்வியில் ஓரளவு பயின்றபின் மருத்துவம் படிக்க வந்தவர். இரண்டாவது, ஒரு சிறு குழுவுக்கு ஒரு வழிகாட்டி இருப்பார். மூன்றாவது, ஆறாம் படியாகிய ‘தனியே கற்றல்’ நடைபெற நூலகமும் நேரமும் அமைதியான இடமும் இருக்கும்.

நாற்பது மாணவர் கொண்ட ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஆசிரியர் இருப்பின் இம்மூன்றும் ஒருசேரத் தளர்கின்றன. இவற்றுள் மூன்றாவது முற்கோளே மிகுந்த கவனத்துக்குரியது. வீட்டில் இணைய வசதியும் தனிப்பயிற்சியும் உள்ள மாணவர் ஆறாம் படியை எளிதாகக் கடப்பர். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவருமில்லாத முதல் தலைமுறை மாணவருக்குப் பள்ளி நேரமே கற்றல் நேரம். ‘வீட்டில் தேடி வருக’ என்று அப்படியைப் பள்ளிக்கு வெளியே தள்ளினால், சமத்துவத்தை நோக்கியதாகக் கருதப்படும் இம்முறையே ஏற்றத்தாழ்வைப் பெருக்கிவிடும். எனவே பள்ளிச் சூழலில் ‘தனியே கற்றல்’ என்னும் படி, வகுப்பறைக்குள், ஆசிரியர் தெரிந்தெடுத்த வாசிப்புத் தாள்களோடு நடைபெற வேண்டும். இது முறையின் தூய்மையைக் குலைப்பதாகாது. களத்திற்கேற்ப அதனை அமைத்துக்கொள்வதாகும்.

ஒரு சிக்கல்: நீரும் பல்லும்

கருத்தளவில் பேசுவதைக் காட்டிலும் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு பார்ப்பது தெளிவு தரும். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதும், அதனால் பற்களிலும் எலும்புகளிலும் ஃபுளூரோசிஸ் பாதிப்பு காணப்படுவதும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. காவிரி நீரை அம்மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் தணிப்பு என்பதும் இடம்பெற்றுள்ளது. இப்பொருளை மூன்று வடிவங்களில் வகுப்பில் வைக்கலாம்.

கணக்காக வைத்தால்: ஒரு லிட்டர் நீரில் 2.4 மில்லிகிராம் ஃபுளூரைடு உள்ளது. நாளொன்றுக்கு 3 லிட்டர் நீர் அருந்துபவரின் உடலில் சேரும் ஃபுளூரைடு எவ்வளவு? விடை 7.2 மில்லிகிராம். பெருக்கல் தெரிந்தவர் போட்டுவிடுவர்.

வினாவாக வைத்தால்: ஃபுளூரோசிஸ் ஏற்படக் காரணங்கள் யாவை? பாடநூலின் ஒரு பத்தி விடையாகும்.

சிக்கலாக வைத்தால்: ஒரு கற்பனைச் சிற்றூரில் பிறந்து வளர்ந்தோர் பலரின் பற்களில் பழுப்புக் கறை காணப்படுகிறது. வெளியூரிலிருந்து மணமாகி வந்த பெண்களின் பற்களில் அக்கறை இல்லை. அவ்வூரில் ஒரு திறந்த கிணறும் இரண்டு ஆழ்துளைக் கிணறுகளும் உள்ளன. ஊராட்சியிடம் ஒரே ஒரு பணிக்குரிய நிதிதான் இருக்கிறது. எதைச் செய்யப் பரிந்துரைப்பீர்? அதற்கு முன் எவற்றை அறிந்துகொள்ள வேண்டும்?

இம்மூன்றாவது வடிவம் வகுப்பில் வைக்கப்படும்போது எளிதில் எழக்கூடிய முதல் விடை, ‘நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும்’ என்பதாகும். தூய்மையற்ற நீருக்குக் காய்ச்சுதலே மருந்து என்று தொடக்க வகுப்பு முதல் கேட்டு வளர்ந்தவர்கள் மாணவர்கள். இவ்விடை தவறு, ஆனால் கற்பித்தலுக்குப் பெரிதும் உதவும் தவறு. லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃபுளூரைடு உள்ள 2 லிட்டர் நீரைக் காய்ச்சி 1 லிட்டராகச் சுண்டவைத்தால், நீராவியாக வெளியேறுவது நீர் மட்டுமே; உப்பு தங்கிவிடும். எஞ்சிய நீரில் ஃபுளூரைடின் செறிவு லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆகும். நோய்க்கிருமியைக் கொல்லும் வழி கரைந்த அயனியை நீக்காது என்பதை மாணவர் இங்கே காண்கின்றனர். கரைசல், செறிவு, ஆவியாதல், அயனி ஆகிய பாடக் கருத்துகள் ஒரே தவறின் வழியே ஒன்றோடொன்று பிணைகின்றன.

மணமாகி வந்த பெண்கள் பற்றிய செய்தியும் அவ்வாறே. பற்கள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் மிகுதியான ஃபுளூரைடு உடலில் சேர்ந்தால்தான் எனாமலில் கறை தோன்றும். வளர்ந்தபின் அந்நீரை அருந்துவோருக்குப் பல்லில் அக்கறை உண்டாவதில்லை, எலும்புகளுக்கான தீங்கு நேரலாம். ஆகவே ‘கறையில்லாதவர் நலமாயிருக்கிறார்’ என்ற முடிவு பிழையாகலாம். சான்று இல்லாமையையும் தீங்கு இல்லாமையையும் வேறுபடுத்தும் இவ்வறிவு எந்தச் சூத்திரத்திலும் அடங்காதது.

தீர்வுகளும் ஒன்றுக்கு மேற்பட்டவை. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளூரைடை நீக்கும் நல்கொண்டா முறை நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. மழைநீர் சேமிப்பு, வேறு நீராதாரத்திலிருந்து குழாய்வழி நீர் கொண்டுவருதல், குறைந்த ஃபுளூரைடுள்ள கிணற்றைக் குடிநீருக்கென ஒதுக்குதல் ஆகியனவும் உள்ளன. இந்தியத் தர அமைவனம் குடிநீரில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம் எனவும், வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கத்தக்க உச்ச அளவு 1.5 மில்லிகிராம் எனவும் வரையறுத்துள்ளது. இரண்டு எண்கள் எதற்காக என்னும் வினா, அறிவியல் அளவீடும் சமூக முடிவும் சந்திக்கும் இடத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும்.

வழிகாட்டல் பற்றிய விவாதம்

மேற்கண்ட சிக்கலை வைத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொண்டால் என்ன நிகழும்? சில குழுக்கள் ‘காய்ச்சிக் குடிப்பது’ என்ற விடையோடு நின்றுவிடும். சில குழுக்களில் ஒருவர் எழுத மற்றவர் வேடிக்கை பார்ப்பர். இந்த அச்சத்தையே கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் 2006இல் வெளியிட்ட கட்டுரையில் கோட்பாடாக முன்வைத்தனர். மனிதரின் செயல்நினைவு மிகக் குறுகியது. துறைக்குப் புதியவர் வழிகாட்டலின்றித் தேடும்போது அந்நினைவு தேடலிலேயே செலவாகிவிடுகிறது. கற்றலுக்கு இடமிருப்பதில்லை என்பது அவர்களின் வாதம். தீர்த்துக்காட்டிய எடுத்துக்காட்டுகளைப் படிப்பது தொடக்கநிலையில் அதிகப் பயன் தரும் என்பதற்கு அறிதல் சுமை பற்றிய ஆய்வுகள் வலுவான சான்றளிக்கின்றன.

இதற்கு 2007இல் மறுப்பெழுதிய ஹ்மெலோ-சில்வர், டங்கன், சின் ஆகியோர், சிக்கல்வழிக் கற்றலைக் குறைந்த வழிகாட்டல் முறைகளோடு சேர்த்ததே பிழை என்றனர். வழிகாட்டும் வினாக்கள், படிநிலைத் தாள்கள், ஏற்ற நேரத்தில் தரப்படும் குறு விளக்கம் என நிறைந்த துணையோடு நடப்பதே சிக்கல்வழிக் கற்றல் என்பது அவர்கள் நிலை. கட்டடம் எழும்பும்வரை கொத்தனாரைத் தாங்கும் சாரம் போன்றது இத்துணை. சுவர் நிலைத்தபின் அவிழ்க்கப்படுவது.

இருதரப்பையும் ஒப்புநோக்கினால், விவாதம் தோன்றுமளவுக்கு முரண்பாடு ஆழமானதன்று என்பது புலனாகும். வழிகாட்டல் வேண்டும் என்பதில் இருவரும் உடன்படுகின்றனர். அது எப்போது வரவேண்டும் என்பதே உண்மையான வேறுபாடு. இவ்விடத்தில் மனு கபூர் 2008இல் வெளியிட்ட ஆய்வு பயன்தருகிறது. இந்தியாவில் ஏழு பள்ளிகளைச் சேர்ந்த பதினோராம் வகுப்பு மாணவர் 309 பேரிடம் நியூட்டனின் இயக்கவியலில் அவ்வாய்வு நடத்தப்பட்டது. ஒழுங்கற்ற சிக்கல்களோடு துணையின்றிப் போராடிய குழுக்களின் தீர்வுகள் தரத்தில் தாழ்ந்திருந்தன. ஆனால் பின்னர்த் தனித்தனியே தேர்வு எழுதியபோது அம்மாணவரே, ஒழுங்கமைந்த கணக்குகளைத் தீர்த்த குழுக்களைச் சேர்ந்தவரை விஞ்சினர். ‘பயன்தரும் தோல்வி’ என அவர் இதற்குப் பெயரிட்டார். அவருடைய பிந்தைய ஆய்வுகளில், போராட்டத்தை அடுத்து ஆசிரியரின் முறையான விளக்கம் வருவது வடிவமைப்பின் இன்றியமையாத பகுதியாயிற்று.

கபூரின் முறையும் சிக்கல்வழிக் கற்றலும் ஒன்றல்ல. எனினும் ஆசிரியருக்கு அது தரும் பாடம் தெளிவானது. மாணவர் முதலில் முயன்று தடுமாற இடம் தர வேண்டும். தடுமாற்றத்தோடு அவர்களை விட்டுவிடலாகாது. ஃபுளூரைடுச் சிக்கலில், காய்ச்சிக் குடிக்கலாம் என்று எழுதிய மாணவருக்குக் கரைசலின் செறிவு பற்றிய விளக்கம் அப்போது கேள்விக்கு விடையாக வரும். அதே விளக்கம் முதலிலேயே தரப்பட்டிருந்தால் மற்றொரு வரையறையாகக் கடந்துபோயிருக்கும். எவ்வாறாயினும் விளக்கம் தரப்பட்டே ஆகவேண்டும். தவறான முடிவோடு வகுப்பு கலைந்தால், நேர்ந்த தீமை பழைய முறையினதைவிடப் பெரிது.

ஆய்வேடுகள் அளப்பது எது

இம்முறை பற்றிய ஆய்வேடுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் அமைகின்றன. ஒரு பள்ளியின் இரு பிரிவுகள் எடுக்கப்படும். ஒன்று சோதனைக் குழு. மற்றொன்று கட்டுப்பாட்டுக் குழு. முன்தேர்வு, சில வாரக் கற்பித்தல், பின்தேர்வு. சராசரிகளின் வேறுபாடு டி-சோதனையில் பொருளுடையதெனத் தெரிந்தால், இம்முறை விளைதிறன் மிக்கது என முடிக்கப்படும்.

இவ்வடிவத்தில் நான்கு குறைகள் கவனத்துக்குரியன. ஒன்று, கட்டுப்பாட்டுக் குழுவுக்கு நடந்தது ‘மரபுவழிக் கற்பித்தல்’ என்ற ஒற்றைத் தொடரோடு நின்றுவிடுகிறது. அதில் எடுத்துக்காட்டுகள் இருந்தனவா, செய்முறை இருந்ததா என்பது அறியப்படுவதில்லை. இரண்டு, சோதனைக் குழுவுக்கு ஆய்வாளரே ஆர்வத்தோடு கற்பிக்கும்போது, விளைவு முறையினுடையதா, ஆர்வத்தினுடையதா, புதுமையினுடையதா என்று பிரித்தறிய இயலாது. மூன்று, பின்தேர்வு கற்பித்தல் முடிந்த உடனே நடத்தப்படுகிறது. சில மாதங்கள் கழித்து எது எஞ்சியது என்பது கேட்கப்படுவதில்லை. நான்கு, பின்தேர்வு பெரும்பாலும் பலவுள் தெரிவு வினாக்களாலானது. சிக்கலை அவிழ்க்கும் திறனை வளர்ப்பதாகச் சொல்லும் முறை, நினைவுகூரும் திறனைக் கொண்டு அளக்கப்படுகிறது. நெல்லை முழக்கோலால் அளப்பது போன்றது இது.

மூன்றாம், நான்காம் குறைகள் ஏன் பெரியவை என்பதைப் பன்னாட்டுச் சான்றுகள் உணர்த்துகின்றன. டோக்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 43 ஆய்வுகளைத் திரட்டி 2003இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், அறிவைப் பயன்படுத்தும் திறனில் சிக்கல்வழிக் கற்றல் உறுதியான நற்பயன் காட்டியது. அறிவின் அளவில் சிறிது பின்தங்கியது. ஆனால் பெற்ற அறிவு நீண்ட நாள் நிலைத்தது. ஜான் ஹாட்டி 2009இல் வெளியிட்ட தொகுப்பில் சிக்கல்வழிக் கற்றலின் சராசரி விளைவளவு 0.15 மட்டுமே, சிக்கல் தீர்க்கும் உத்திகளைக் கற்பித்தலுக்கோ 0.61. எதை அளக்கிறோம், எப்போது அளக்கிறோம் என்பதற்கேற்ப விடை மாறும் ஒரு முறையைப் பற்றி, உடனடிப் பலவுள் தெரிவுத் தேர்வு ஒன்றைக் கொண்டு முடிவு கூறுவது பொருந்தாது. அத்தகைய தேர்வில் இம்முறை வென்றால் அவ்வெற்றியையும், தோற்றால் அத்தோல்வியையும் ஐயத்தோடே நோக்க வேண்டும். மேலும் இச்சான்றுகளில் பெரும்பகுதி மருத்துவக் கல்வியைச் சார்ந்தது. பள்ளிக்கு அவற்றை அப்படியே பெயர்த்துக்கொள்வதிலும் எச்சரிக்கை வேண்டும்.

தேர்வு என்னும் எல்லை

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25. பாடநூலில் 23 அலகுகள் உள்ளன. ஓர் அலகுக்கு ஃபுளூரைடுச் சிக்கல் போன்ற ஒன்றை முழுமையாக நடத்த ஆறு பாடவேளைகளேனும் ஆகும் என்று கொண்டால், எல்லா அலகுகளையும் இம்முறையில் நடத்துவது நடவாத செயல். ஓர் அலகில் மட்டும் சோதித்துவிட்டு ‘அறிவியல் ஆசிரியர் இம்முறையைப் பின்பற்ற வேண்டும்’ எனப் பொதுவாகப் பரிந்துரைக்கும் ஆய்வேடுகள், எஞ்சிய 22 அலகுகளை எவ்வாறு முடிப்பது என்று ஆசிரியருக்குச் சொல்வதில்லை.

தேர்வை மாற்றாமல் கற்பித்தலை மட்டும் மாற்றவியலாது என்பதை உணர்ந்து செயற்பட்ட இந்திய முயற்சி ஒன்றுண்டு. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், சோதனை செய்து கண்டறிவதை அடிப்படையாகக் கொண்டது. அது சிக்கல்வழிக் கற்றல் அன்று. எனினும் அதன் படிப்பினை இங்கும் பொருந்தும். அத்திட்டத்தினர் பாடநூல், சோதனைப் பெட்டி, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றோடு தேர்வையும் சேர்த்தே மாற்றினர். புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வும் செய்முறைத் தேர்வும் நடைமுறைக்கு வந்தன. அரசின் ஆணையால் 2002இல் திட்டம் முடிவுக்கு வந்தபோதும், முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளிலேயே அது நிலைத்ததற்கு, கற்பித்தலும் தேர்வும் ஒரே திசையில் சென்றது ஒரு முக்கியக் காரணமாகும். இன்று சிக்கல்வழிக் கற்றலைப் பரிந்துரைப்போர் தேர்வைப் பற்றி வாய்திறவாதிருப்பது, பரிந்துரையின் பாதியை எழுதாமல் விடுவதாகும்.

முடிவுரை

சிக்கல்வழிக் கற்றல் உயர்நிலை அறிவியல் வகுப்புக்கு ஏற்றதா என்னும் வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடையில்லை. பின்வரும் முடிபுகளை மேற்கண்ட ஆய்வு ஆதரிக்கிறது.

முதலாவது, பாட இறுதிக் கணக்குகளைக் குழுவாகச் செய்வதற்கு இப்பெயரை இடலாகாது. சிக்கல் பாடத்துக்கு முன் வருவதே இம்முறையின் அடையாளம். இரண்டாவது, ஆண்டு முழுவதற்கும் இம்முறையை விரிப்பதைவிட, பல அலகுகளை இணைக்கும் ஒன்றிரண்டு சிக்கல்களைத் தெரிந்தெடுத்து நிறைவாக நடத்துவது செயற்படத்தக்கது. மூன்றாவது, தேடிக் கற்கும் படி பள்ளி நேரத்துக்குள், வாசிப்புத் தாள்களோடு அமைய வேண்டும். ஆசிரியரின் நிறைவு விளக்கம் ஒருபோதும் விடுபடலாகாது. நான்காவது, ஆய்வாளர் தம் பின்தேர்வில் மாணவர் முன்பு காணாத சிக்கல் ஒன்றையேனும் சேர்க்க வேண்டும். சில மாதங்கள் கழித்து அத்தேர்வை மீண்டும் நடத்த வேண்டும். கட்டுப்பாட்டு வகுப்பில் நடந்ததைச் சோதனை வகுப்பில் நடந்ததற்கு இணையாக விவரிக்க வேண்டும்.

இவற்றுள் நான்காவது, பல்கலைக்கழகங்களின் கையில் உள்ளது. அரசாணை எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஃபுளூரைடு பாடத்தை முடித்த ஒரு மாணவியிடம் ஆறு மாதம் கழித்து, உவர்நீரைக் காய்ச்சினால் குடிநீராகுமா என்று கேட்டு, அவள் தரும் விடையையும் அதற்கு அவள் கூறும் காரணத்தையும் பதிவுசெய்யும் ஓர் ஆய்வேடு, இம்முறை பற்றி இன்றுள்ள முடிவுகள் பலவற்றினும் நம்பத்தக்க சான்றை வைக்கும்.